கர்னல் மாறினால் திரை ஏன் இருள்கிறது?

லினக்ஸ் கணினியில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. டிரைவரை நிறுவினார்கள், எல்லாம் ஒழுங்காக ஓடியது. சில வாரங்கள் கழித்து வழக்கமான அப்டேட் ஒன்று வந்தது. கணினியை மறுபடி தொடக்கியதும் திரை கறுப்பாக நின்றுவிட்டது. அல்லது தெளிவு குறைந்து, பெரிய பெரிய எழுத்துகளோடு எழுந்தது. இதற்கு இரண்டு விளக்கங்கள் உடனே கிடைக்கும். லினக்ஸ் இன்னும் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பக்குவப்படவில்லை என்பார் ஒருவர். நிறுவியவருக்கு விவரம் போதவில்லை என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். இந்தக் கோளாறின் வேர் ஓர் உரிமைப் பிரச்சினையில் இருக்கிறது: கர்னல் மாறும்போது அதற்கேற்ப டிரைவரை மாற்றும் உரிமையும் வசதியும் யாரிடம் இருக்கின்றன என்பதே கேள்வி. மூலநிரல் பொதுவில் இருக்கும் டிரைவர்களையும், நிறுவனம் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் தனியுரிம டிரைவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். விளங்கிவிட்டால், எப்படி நிறுவுவது, அடுத்த முறை எதை வாங்குவது என்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

முதலில் டிரைவர் செய்யும் வேலையைப் பார்ப்போம். கிராஃபிக்ஸ் கார்டு என்பது தனக்கென்று பிராசஸரும் நினைவகமும் மின்மேலாண்மையும் கொண்ட ஒரு தனிக் கணினி. அதை இயக்கும் டிரைவர் இரண்டு பாகங்களாக அமைந்திருக்கிறது. முதல் பாகம் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலுக்குள் ஏறி அமரும் மாட்யூல். கார்டின் நினைவகத்தைப் பங்கிடுவது, வேலைகளை வரிசைப்படுத்துவது, கடிகார வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, மானிட்டரின் தெளிவை அமைப்பது ஆகியவை இதன் பொறுப்பு. இரண்டாம் பாகம் கர்னலுக்கு வெளியே செயலிகளோடு சேர்ந்து ஓடும் நூலகங்கள். ஒரு விளையாட்டோ உலாவியோ ஓப்பன்ஜிஎல், வல்கன் முறைகளில் கேட்பதைக் கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது இவைதான். என்விடியாவின் கூடா (CUDA) கணிப்புகளும் இந்த வழியாகவே போகின்றன. என்விடியாவின் டிரைவரில் இந்த இரண்டு பாகங்களும் ஒரே பதிப்பு எண்ணில் இருந்தாக வேண்டும். அப்டேட் முடிந்து கணினியை மறுதொடக்கம் செய்யாமல் விட்டால், நினைவகத்தில் பழைய மாட்யூலும் வட்டில் புதிய நூலகங்களும் இருக்கும். அப்போது என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுத்தால் பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். இது பழுதல்ல, ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் தீர்ந்துவிடும். உண்மையான சிக்கல் முதல் பாகத்தில், கர்னலோடு அது பொருந்துவதில் இருக்கிறது.

லினக்ஸ் கர்னலின் புதிய பதிப்பு ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. அதன் வளர்ச்சியில் இரண்டு விதிகள் ஒன்றாகச் செயல்படுகின்றன. கர்னலுக்கு வெளியே ஓடும் செயலிகளோடு அதற்குள்ள உறவு மாறக்கூடாது என்பது முதல் விதி. பல ஆண்டுகளுக்கு முன் கம்பைல் செய்த செயலி இன்றைய கர்னலிலும் ஓட வேண்டும் என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பாக இருக்கிறார். இரண்டாவது விதி இதற்கு நேர் எதிரானது: கர்னலுக்கு உள்ளே பாகங்கள் ஒன்றோடொன்று பேசும் முறை எப்போது வேண்டுமானாலும் மாறலாம். கர்னலின் மூத்த பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் இதற்கான நியாயங்களை எழுதி, அது கர்னலின் ஆவணங்களிலேயே இடம்பெற்றிருக்கிறது. உட்புற முறைகளை மாற்றும் சுதந்திரம் இருந்ததால்தான் யுஎஸ்பி போன்ற பகுதிகளைப் பலமுறை திருத்தி எழுத முடிந்தது என்பது அவர் தரும் சான்று. பழைய முறைகளையும் சேர்த்துச் சுமந்திருந்தால் அவற்றின் பாதுகாப்புக் குறைகளையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கும்.

உட்புறம் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? அவற்றின் மூலநிரலும் கர்னலின் மூலநிரலோடு ஒரே இடத்தில் இருப்பதால்தான். ஓர் உட்புற முறையை மாற்றுபவர், அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. ஒரு வீட்டில் நிலையின் அளவை மாற்றினால், அங்கேயே வேலை செய்யும் தச்சர் கதவையும் இழைத்துப் பொருத்திவிடுவார். அந்தக் கதவு மட்டும் வேறு ஊரிலிருந்து, யாரும் உளி வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்ததாக இருந்தால், அதைச் செய்தவர் வந்து சேரும்வரை வாசல் திறந்தே கிடக்க வேண்டியதுதான். தனியுரிம டிரைவரின் நிலை அதுவே. என்விடியா நீண்ட காலம் தன் கர்னல் மாட்யூலை இரண்டு அடுக்குகளாகக் கொடுத்துவந்தது. பெரும்பகுதி ஏற்கெனவே கம்பைல் செய்து மூடப்பட்டது. அதைச் சுற்றி, கர்னலோடு ஒட்டவைக்க மெல்லியதாக ஒரு மூலநிரல் அடுக்கு. பயனரின் கணினியில் அங்கிருக்கும் கர்னலுக்கு ஏற்றபடி கம்பைல் செய்யப்படுவது அந்த அடுக்குதான். டிரைவரை நிறுவும்போது கம்பைலரும் கர்னல் ஹெடர் கோப்புகளும் கேட்கப்படுவதன் காரணம் இதுவே.

இதைப் புரிந்துகொண்டால் அந்தக் கோளாறு நிகழும் விதம் தெளிவாகிறது. ஒரு கர்னலுக்காகக் கம்பைல் செய்த மாட்யூல் அடுத்த கர்னலில் ஏறாது; மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இதைத் தானாக நடத்துவதற்கு டெல் நிறுவனம் உருவாக்கிய டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. புதிய கர்னல் வந்து அமரும்போதெல்லாம் அது மாட்யூலைத் திரும்பக் கம்பைல் செய்கிறது. ஆனால் ஹெடர் கோப்புகள் இல்லையென்றாலோ, ஒட்டும் அடுக்கு எதிர்பார்க்கும் உட்புற முறையைப் புதிய கர்னல் மாற்றியிருந்தாலோ கம்பைல் தோற்றுவிடும். 2020 அக்டோபரில் கர்னல் 5.9 வெளிவந்தபோது இது பெரிய அளவில் நடந்தது. கட்டற்ற உரிமத்தின்கீழ் வரும் மாட்யூல்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கர்னல் வசதிகளை, இடையில் ஒரு சிறு மாட்யூலை நிறுத்தித் தனியுரிம மாட்யூல்கள் பயன்படுத்திக்கொள்வதைத் தடுக்கும் மாற்றம் அந்தப் பதிப்பில் இருந்தது. தன் டிரைவர் 5.9-க்குத் தயாராக நவம்பர் நடுப்பகுதி ஆகும் என்று என்விடியாவே அறிவித்தது. அதுவரை புதிய கர்னலுக்கு மாறியவர்கள் காத்திருந்தார்கள். கர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருந்த டிரைவர்களின் பயனர்களுக்கு அப்படிக் காத்திருக்கும் தேவை எழவில்லை.

இந்தப் பொருத்தச் சிக்கலின்மேல் இன்னோர் அடுக்கு செக்யூர் பூட். நம்பகமான சாவியால் கையெழுத்திடப்பட்ட நிரல் மட்டுமே கணினி தொடங்கும்போது ஏற வேண்டும் என்பது இதன் நோக்கம். இது இயங்கும் கணினியில் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்ற வழங்கல்களின் கர்னல், கையெழுத்தில்லாத மாட்யூலை ஏற்றிக்கொள்வதில்லை. பயனரின் கணினியிலேயே கம்பைல் ஆன மாட்யூலில் யாருடைய கையெழுத்து இருக்கும்? அதனால்தான் நிறுவும்போது கணினியின் உரிமையாளருக்கென்று ஒரு சாவி உருவாக்கப்பட்டு, கடவுச்சொல் ஒன்று கேட்கப்படுகிறது. அடுத்த மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை எழுந்து, அந்தச் சாவியைப் பதிவு செய்யட்டுமா என்று கேட்கும். பலர் அதன் பொருள் தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு கம்பைல் சரியாக முடிந்திருந்தும் டிரைவர் ஏறுவதில்லை. நிறுவுதல் வெற்றி என்று சொன்ன கணினி வேலை செய்யவில்லையே என்ற குழப்பத்துக்கு இது பொதுவான காரணங்களில் ஒன்று.

இதுவரை கண்ட காரணங்களிலிருந்தே நிறுவும் முறையும் பிறக்கிறது. விண்டோஸில் பழகியவர்கள் என்விடியாவின் தளத்துக்குப் போய், ரன் என்று முடியும் கோப்பை இறக்கி நேரடியாக இயக்குகிறார்கள். அது டிரைவரைப் போட்டுவிடும். ஆனால் அந்தக் கோப்புகளைப் பற்றி வழங்கலின் பொதி மேலாளருக்கு எதுவும் தெரியாது. அடுத்த அப்டேட்டில் அவை கலைந்தால் கேட்க நாதியில்லை. வழங்கலின் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் கர்னலையும் டிரைவரையும் சேர்த்துச் சோதித்து அனுப்ப ஓர் அணி இருக்கிறது. உபுண்டுவில் கூடுதல் டிரைவர்களுக்கான சாளரமோ, உபுண்டு-டிரைவர்ஸ் கட்டளையோ கார்டுக்கு ஏற்ற பதிப்பைத் தேர்ந்து தரும். தன் கர்னல்களுக்கென்று உபுண்டுவின் நிறுவனமான கனானிக்கல் முன்பே கம்பைல் செய்து கையெழுத்திட்டுத் தரும் மாட்யூல்களைப் பயன்படுத்தினால் சாவிப் பதிவும் தேவைப்படாது. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியம் இந்த வேலையைச் செய்கிறது. அங்கே மாட்யூல் பின்னணியில் கம்பைல் ஆவதால், நிறுவியதும் சில நிமிடங்கள் பொறுத்து, அது முடிந்ததை உறுதிசெய்த பிறகே மறுதொடக்கம் செய்ய வேண்டும். டெபியனில் தனியுரிமப் பொதிகளுக்கான பிரிவை முதலில் இயக்க வேண்டும். எந்த வழங்கலானாலும் ஒரே கார்டை இரண்டு டிரைவர்கள் பிடித்திருக்க முடியாது. ஆகவே ஏற்கெனவே ஓடும் நூவோ என்ற கட்டற்ற டிரைவர் தடுக்கப்படுகிறது. பொதிகள் இதையும் தாமே பார்த்துக்கொள்கின்றன. பழைய கர்னலை அழிக்காமல் வைத்திருப்பது நல்ல காப்பு: புதியது தகராறு செய்தால், தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்து வேலையைத் தொடரலாம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். விண்டோஸில் டிரைவருக்கான முறை நிலையாக இருக்கிறது. நிறுவனங்கள் ஒருமுறை எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகின்றன. லினக்ஸும் அப்படி ஒரு நிலையான முறையைத் தந்தால் இத்தனை தொல்லை ஏன்? பயனரின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கேள்வி சரியானதே. ஆனால் நிலையான முறை எதையும் காலவரையின்றிக் காப்பதில்லை. 2007-ல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, திரை டிரைவர்களின் மாதிரியையே மாற்றியது. எக்ஸ்பி காலத்து டிரைவர்களால் அதன் புதிய திரைத்தோற்றத்தை இயக்க முடியவில்லை. உற்பத்தியாளர் புதிய டிரைவர் எழுதாத கார்டுகள் அங்கேயும் கைவிடப்பட்டன. நிலையான முறை முறிவுகளின் இடைவெளியை நீட்டுகிறது. முறியும்போது யார் சரிசெய்ய முடியும் என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. மூலநிரல் பொதுவில் இருக்கும்போது முறிவு அடிக்கடி வந்தாலும் அது பயனரை எட்டும் முன்பே சீராகிவிடுகிறது.

இது வெறும் கொள்கைப் பேச்சா என்று கேட்பவர்களுக்கு ஏஎம்டியின் வரலாறு கண்முன் நடந்த சோதனை. ஏடிஐ நிறுவனத்தை 2006-ல் வாங்கிய ஏஎம்டி, 2007-ல் தன் கார்டுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அதற்கு இணையாக எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என்ற தனியுரிம டிரைவரையும் பல ஆண்டுகள் தந்துவந்தது. புதிய கர்னல்களுக்கும் திரைச் சேவையகங்களுக்கும் பிந்திக்கொண்டே வந்த அந்த டிரைவர், மேலே சொன்ன அதே துன்பங்களைத் தந்தது. 2015-ல் கர்னல் 4.2 பதிப்பில் ஏஎம்டிஜிபியு என்ற கட்டற்ற டிரைவர் நேரடியாக இடம்பெற்றது. 2016-ல் உபுண்டு 16.04 தனியுரிம டிரைவரைக் கைவிட்டது. இன்று ஏஎம்டி கார்டு உள்ள கணினியில் லினக்ஸை நிறுவுபவருக்குப் பெரும்பாலும் டிரைவர் நிறுவுதல் என்ற படியே கிடையாது. நூலகப் பகுதியில் நடந்தது இன்னும் முக்கியமானது. கட்டற்ற கிராஃபிக்ஸ் நூலகங்களை உருவாக்கும் மெசா திட்டத்தில் ஏஎம்டி கார்டுகளுக்கான ராட்வி என்ற வல்கன் டிரைவரைத் தொடங்கியவர்கள் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்தவர்கள். 2022-ல் வந்த, வால்வ் நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக் அதைக் கொண்டே இயங்குகிறது. 2025-ல் ஏஎம்டி, தானே வெளியிட்டு வந்த ஏஎம்டிவிஎல்கே என்ற வல்கன் டிரைவர் திட்டத்தை நிறுத்திக்கொண்டு ராட்வியை ஆதரிப்பதாக அறிவித்தது. ஆவணத்தையும் நிரலையும் திறந்துவைத்ததன் பலன் உற்பத்தியாளருக்கே திரும்பி வந்திருக்கிறது.

அப்படியானால் என்விடியா கார்டுகளுக்கும் நூவோ இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் போதாதா? நூவோ மதிக்கத்தக்க உழைப்பு. நிறுவனத்தின் ஆவணங்கள் இல்லாமல், கார்டின் நடத்தையைக் கவனித்துக் கவனித்துத் தன்னார்வலர்கள் கட்டிய டிரைவர் அது. 2010-ல் வெளிவந்த கர்னல் 2.6.33-ல் சேர்ந்தது. ஆனால் 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, கார்டின் முக்கிய வேலைகளுக்கு என்விடியா கையெழுத்திட்ட, கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரல் தேவைப்பட்டது. கடிகார வேகத்தை உயர்த்தும் அதிகாரமும் அதற்குள் போய்விட்டது. அதனால் அந்தக் கார்டுகள் நூவோவில் தொடக்க நிலையின் மெதுவான வேகத்திலேயே முடங்கின. தனியுரிம டிரைவர் பல மடங்கு வேகமாக ஓடுகிறது என்ற ஒப்பீட்டை இந்தப் பின்னணியோடு சேர்த்தே படிக்க வேண்டும். அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி நிரலாளர்களின் திறமையிலிருந்து வந்ததல்ல. சாவி ஒரே ஒருவரிடம் இருந்ததிலிருந்து வந்தது.

2022 மே மாதத்தில் என்விடியா தன் கர்னல் மாட்யூலின் மூலநிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டதே, அதோடு இந்த வாதம் காலாவதியாகிவிடவில்லையா என்று கேட்கலாம். அது உண்மையிலேயே பெரிய திருப்பம். டூரிங் தலைமுறை தொடங்கி அதற்குப் பின் வந்த கார்டுகளுக்கு அது பொருந்தும். 2024-ல் அந்தத் திறந்த மாட்யூலே முதன்மைத் தேர்வானது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு அதைத் தவிர வேறு மாட்யூல் கிடையாது. ஆயினும் மூன்று விஷயங்கள் மாறவில்லை. முன்பு மூடிய மாட்யூலில் இருந்த வேலைகளில் பெரும்பங்கு, கார்டிலுள்ள ஜிஎஸ்பி என்ற தனிப் பிராசஸரில் ஓடும் மூடிய ஃபர்ம்வேருக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. ஓப்பன்ஜிஎல், வல்கன், கூடா நூலகங்கள் மூடியே இருக்கின்றன. திறந்த மாட்யூலும் கர்னலின் மூலநிரலுக்கு வெளியேதான் வாழ்கிறது; ஆகவே கம்பைல், கையெழுத்து, பதிப்புப் பொருத்தம் என்ற மூன்று தொல்லைகளும் தொடர்கின்றன. இருந்தாலும் ஜிஎஸ்பி ஃபர்ம்வேர் பொதுவில் கிடைப்பதால், வேக அதிகாரத்தின் கதவு கட்டற்ற டிரைவர்களுக்கும் திறந்திருக்கிறது. கர்னலுக்குள் ரஸ்ட் மொழியில் எழுதப்படும் நோவா, மெசாவில் வளர்ந்துவரும் என்விகே ஆகிய இரண்டும் அந்தக் கதவு வழியாகத்தான் வருகின்றன. ஏஎம்டி கார்டுகளுக்கும் மூடிய ஃபர்ம்வேர் தேவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. டெபியனும் 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, மறு ஆண்டு வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவியில் இத்தகைய ஃபர்ம்வேர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஃபர்ம்வேர் கார்டுக்குள் ஓடுவது. கர்னலின் உட்புற மாற்றங்கள் அதை உடைப்பதில்லை. அப்டேட்டுக்குப் பின் திரை வருமா என்பதைத் தீர்மானிப்பது கர்னலுக்குள் ஓடும் பகுதிதான்.

நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நூலகங்களில் உள்ள கம்பைலர் நுட்பங்கள் போட்டியாளர் கைக்குப் போகக்கூடாது என்ற கவலை பொய்யல்ல; பிறரிடம் உரிமம் பெற்ற நிரல்களும் உள்ளே இருக்கலாம். திறக்க விரும்புகிற நிறுவனத்துக்கே சில சமயம் கை கட்டப்பட்டிருக்கிறது. எச்டிஎம்ஐ 2.1 வசதிகளைக் கட்டற்ற டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை, அந்தத் தரத்தை நிர்வகிக்கும் எச்டிஎம்ஐ அமைப்பு 2024-ல் நிராகரித்தது. இவற்றை ஒப்புக்கொண்டாலும், மூடிவைப்பதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜிஃபோர்ஸ் 8 தொடங்கிய தலைமுறைக்கான 340 வரிசை டிரைவருக்கு 2019 இறுதியில் ஆதரவு நின்றது. ஃபெர்மி கார்டுகளுக்கான 390 வரிசை 2022-ல் நின்றது. கெப்ளருக்கான 470 வரிசை 2024-ல். அதன் பிறகு வரும் கர்னல்களில் இவை ஓட வேண்டுமானால், ஒட்டும் அடுக்கைத் தன்னார்வலர்கள் ஒட்டுப்போட்டுச் சரிக்கட்ட வேண்டும். மூடிய பகுதியில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு நேர்மாறாக, 2002-ல் வந்த ரேடியான் 9700 தலைமுறைக்கான கட்டற்ற டிரைவர் இன்றும் மெசாவில் இருக்கிறது. பழைய கணினியை லினக்ஸால் உயிர்ப்பித்துப் பயன்படுத்தும் மாணவருக்கும், பள்ளிக்கும், சிறு அலுவலகத்துக்கும் இந்த வேறுபாடு காசு பெறும் வேறுபாடு. கார்டில் ஒரு டிரான்சிஸ்டரும் பழுதாகாத நிலையில் அது குப்பைக்குப் போவதும் போகாததும் மூலநிரல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

இதனால் தனியுரிம டிரைவரை யாரும் தொடவே கூடாது என்று முடிவு கட்டுவது தவறு. கூடாவை நம்பிய ஆய்வும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியும் முப்பரிமாணச் சித்திரிப்பும் பலருக்கு அன்றாடப் பிழைப்பு. அந்தத் தேவைகளுக்கு என்விடியாவின் டிரைவரே இன்று நடைமுறை வழி. அவர்கள் அதை நிறுவட்டும். வழங்கலின் களஞ்சியத்திலிருந்து, நீண்டகால ஆதரவுள்ள கர்னலின்மேல், சாவியைப் பதிவுசெய்து நிறுவட்டும். நிறுவும் நாளோடு வேலை முடிந்துவிடாது, ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் மூன்றாவது ஒருவரின் கால அட்டவணையைச் சார்ந்திருக்கப்போகிறோம் என்ற தெளிவோடு நிறுவட்டும். அந்தத் தேவை இல்லாதவர்கள் கணினி வாங்கும்போது, வேகத்தையும் விலையையும் ஒப்பிடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் கார்டின் டிரைவர் கர்னலின் மூலநிரலுக்குள் இருக்கிறதா? இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கு விடை பெரும்பாலும் ஆம். இப்படிக் கேட்டு வாங்குபவர்கள் பெருகினால் மூடிய நிரல் வணிகத்துக்கே சுமையாகும். ஏஎம்டியின் பயணமும், தாமதமாகவேனும் என்விடியா எடுத்த அடியும், நிறுவனங்கள் இந்தக் கணக்கைப் போடவே செய்கின்றன என்பதைக் காட்டுகின்றன.